மூன்றாம் கட்டம்

ஹனோவரில் ஐந்து நாற்பதுக்கு ரயில்.
சக்கரப் பெட்டிக்குள்
மார்க்கர் பதினாறு, அதில் எழுதுவது பதினொன்று,
நீல டேப் இரண்டு சுருள்,
நாலு நிறத்தில் ஒட்டுத்தாள்,
ஒரு பை நிறைய டென்னிஸ் பந்து.
பெட்டி சரிந்து பந்து ஒன்று உருண்டபோது
டிக்கெட் பரிசோதகர் காலால் நிறுத்திக் கேட்டார்:
"விளையாட்டு டீச்சரா?"
கிட்டத்தட்ட, என்றேன்.
வரி அலுவலகப் படிவத்திலும்
'இதர' என்ற பெட்டியில்தான் டிக் போடுகிறேன்
ஒன்பது வருடமாக.

பிரேமர்ஹாஃபன்.
கடலிலிருந்து வந்து கதவைத் தள்ளும் காற்று.
வாழைப்பழக் கன்டெய்னர்களின் குளிரை
நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு வைக்கும்
மென்பொருள் எழுதுகிற ஏழு பேர்.
அவர்களுக்கு ஒரு சுவர்.
மரத்தூள் கலந்த காகிதச் சுவர், எதுவும் ஒட்டாது.
ஆனாலும் டேப்பால் மூன்று கட்டம் பிரித்தேன்:
செய்ய வேண்டியது
நடந்துகொண்டிருப்பது
முடிந்தது.
முதலிரண்டில் தாள் மேல் தாள்,
மீன் செதில் மாதிரி.
மூன்றாவதில் சுவர் தெரிந்தது.
ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், என்று சொன்னேன்.
சொன்னது ஐந்தாவது வாரத்தில்.

காலை ஒன்பதே காலுக்கு நின்றபடி கூட்டம்.
நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன.
"தடை இல்லை" என்பார் ஹென்னிங்
கழுத்தைத் தடவிக்கொண்டே, தினமும்.
ஸ்வாண்டியே யாரிடம் பேசினாலும்
மேலாளர் திர்க்சனைப் பார்த்துத்தான் பேசுவாள்.
திர்க்சன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.
நான் வாயைத் திறக்காமல் நிற்பேன்.
என் நாள் கூலியில் பாதி அதற்குத்தான்.
கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு
மனதுக்குள் நாற்பது வரை எண்ணுவது.
முப்பத்தேழில் பெரும்பாலும் யாராவது இருமுவார்கள்.

அப்புறம் அந்த வியாழன்.
மூன்றாம் கட்டத்தில் பதினான்கு தாள்கள்!
ஓரம் பிசகாமல் இரண்டு வரிசை,
ஒவ்வொன்றின் தலையிலும்
அளந்து கிழித்த என் நீல டேப்.
"யார் முடித்தது?" திர்க்சனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.
யாரும் பதில் சொல்லவில்லை.
ஹென்னிங் தன் கையெழுத்தை உற்றுப் பார்த்து
"இதை நான் தொடவே இல்லையே" என்றார்.

நடைவழியில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள்
துப்புரவு வேலை முடித்த ஸ்த்ராவ்கா.
ஹீட்டர் ஓடினால் ராத்திரி உதிர்கிறது, என்றாள்.
பொறுக்கி மேசையில் வைத்தால்
அதன் மேல் காபிக் கோப்பை வைக்கிறீர்கள்.
அதனால் ஒட்டிவிட்டேன்.
ஏன் அந்தக் கட்டத்தில்?

"அங்கேதான் இடம் இருந்தது."

எழுபதுக்கு மேல் எண்ணியிருப்பேன்.
யாரும் இருமவில்லை.
திர்க்சன் தாளைப் பிய்க்கக் கை நீட்டியபோது
"இருங்கள்" என்றார் ஹென்னிங்.
இந்த அறிக்கையைக் கேட்ட ஆபீஸையே மூடியாயிற்று.
இது யார் கேட்டதென்று யாருக்காவது தெரியுமா?
இதன் எழுத்தே வெளுத்துவிட்டது.
ஒன்பது தாள் குப்பைக் கூடைக்குப் போனது.
ஸ்வாண்டியே சிரித்தாள், சுவரைப் பார்த்து.
பத்தாவதை மட்டும் ஹென்னிங் கையிலேயே வைத்திருந்தார்.
'ஞாயிறு இரவில் எச்சரிக்கை மணி அடிப்பதில்லை.'
"பதினாலு மாதமாகத் தெரியும்," என்றார்,
"தடை இது."

திரும்பும் ரயில் பிரேமனில் ஐம்பது நிமிடம் நின்றது.
மடிக்கணினியில் இன்வாய்ஸ் அடித்தேன்:
பயிற்சியும் ஆலோசனையும், ஒரு நாள்.
அடுத்த வரியில் ஸ்த்ராவ்காவின் பெயரை எழுதி
அழித்தேன்.
ஜூலை மாத இன்வாய்ஸுக்கே இன்னும் பணம் வரவில்லை.
இந்தக் குழு இனி என்னைக் கூப்பிடாது என்று தோன்றியது.
காலண்டரைத் திறந்தால்
நவம்பர் பதினொன்றுக்குப் பிறகு
வெள்ளையாக, நல்ல அகலமாக, இடம்.

பையில் பந்து எண்ணினேன், ஒன்று குறைந்தது.
மறந்துபோயிருந்தேன், நான்தான் கொடுத்தேன்,
வீட்டில் நாய் இருக்கிறது என்றாள்.
இந்நேரம் அது
மேல்தோலை உரித்துப் போட்டிருக்கும்.